நம் பிள்ளைகளும் பள்ளிச் சாலையும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டும் என்று சங்கத்தார் பணித்தபொழுது, எதனைப் பற்றி எழுதுவது என்று சில நாட்கள் எண்ணிப் பார்த்தேன். தலைவர் பெருமக்களின் வரலாறுகளை இம்மலரில் என்னினும் நன்கு எழுத வல்லோர் எழுதுவர். நாள்தோறும் காலையில் மாரண்டஹள்ளிச் சாலையோரமாகப் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் தொழிலோடு ஒட்டிய வழக்கம். தக்காளிக் கூடைகளை ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று அவர்களை உரசுவதுபோல் கடந்து செல்லும்பொழுது நெஞ்சு ஒரு கணம் நின்று, பிறகு துடிக்கும். அவ்வாறு நின்ற ஒரு காலை வேளையில்தான் இந்தச் சாலையைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றிற்று.

இன்னார் இந்தப் பள்ளியில் படித்தார், இந்த வகுப்பில் தேறினார் என்று நாம் வரலாற்றில் எழுதி வைக்கிறோம். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரைக்கும் அவர் எவ்வாறு சென்று வந்தார் என்பதை எழுதி வைப்பதில்லை. நம் சமுதாயத்தைப் பொறுத்தமட்டில் பாதிக் கதை அந்த வழியிலேதான் நடந்திருக்கிறது.

தாத்தா இரட்டைமலை சீனிவாசனார் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி 1939ஆம் ஆண்டில் வெளியிட்டார். கோயம்புத்தூரில் தாம் பயின்ற காலத்தைப் பற்றி அதில் அவர் கூறியிருப்பதை நம் இளைஞர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ நானூறு மாணவர் பயின்ற அந்தப் பள்ளியில் பத்துப் பேர் தவிர ஏனையோர் யாவரும் பிராமணர். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாய் இருந்தது. தம் குலமும் குடும்பமும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவர் என்று அஞ்சிய அச்சிறுவர், மணி அடிக்கும் வரையில் பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் பள்ளி விட்டதும் பிற மாணவர் தம்மை எட்டாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். மற்றப் பிள்ளைகளோடு விளையாட முடியாத கொடுமையைப் பின்னாளிலும் அவர் மறக்கவில்லை. பாடம் படிப்பதில் அவருக்குத் தடை ஏற்பட்டதாகத் தெரியவில்லை. தடை முழுவதும் பள்ளியைச் சுற்றியும் பள்ளிக்குச் செல்லும் வழியிலுமே இருந்தது. பின்னாளில் பொதுச் சாலைகளில் நடக்கும் உரிமைக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்ற மனிதர், தெருவில் தலை குனிந்து விரைந்து நடந்த இதே சிறுவர்தாம்.

அண்ணல் அம்பேத்கரின் இளமைக் காலத்தில் சதாராப் பள்ளியில் நிகழ்ந்ததைப் பலரும் மேடைகளில் கூறுவர். வகுப்பில் அவர் தனியே ஒரு கோணித் துண்டின்மேல் அமர வேண்டியிருந்தது என்பது அனைவரும் அறிந்ததே. அதன் பிற்பகுதியைப் பெரும்பாலோர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். பள்ளியைத் துப்புரவு செய்யும் ஏவலாள் அந்தக் கோணியைத் தொடமாட்டார். ஆகையால் மாலைதோறும் அதனை அவரே வீட்டுக்குச் சுமந்து சென்று, மறுநாள் காலையில் மீண்டும் சுமந்து வர வேண்டும். ஏனைய பிள்ளைகள் புத்தகத்தை மட்டும் சுமந்து சென்ற சாலையில் அவர் தம் இழிவையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

1901ஆம் ஆண்டுக் கோடையில், அவருக்கு ஏறத்தாழ ஒன்பது வயதாக இருந்தபொழுது, கோரேகாவில் பணிபுரிந்த தந்தையைக் காண அண்ணன் முதலியோருடன் இரயிலில் புறப்பட்டு மசூர் நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகள் மகார் சாதியினர் என்று தெரிந்ததும் நிலையத்தில் நின்ற வண்டிக்காரர் ஒருவரும் ஏற்றிச் செல்ல உடன்படவில்லை. முடிவில் இரு மடங்கு கூலி பெற்றுக்கொண்டு, பிள்ளைகளே வண்டியை ஓட்டுவது, வண்டிக்காரர் உடன் நடந்து வருவது என்று ஏற்பாடாயிற்று. இருள் சூழ்ந்த வழியில், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் எவருமின்றி, குழந்தைகள் கையில் மாட்டு வண்டி! தீண்டாமையை நாம் மானப் பிரச்சினையாகவே பேசிப் பழகியிருக்கிறோம். குழந்தையின் உயிருக்கும் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு இந்த ஒரு பயணமே போதும்.

புனே நகரில் 1848ஆம் ஆண்டு முதல் பெண்களுக்குக் கற்பித்த சாவித்திரிபாய் புலே அம்மையார், தெருவில் தம்மேல் வீசப்பட்ட சாணமும் சேறும் புடவையைக் கெடுத்துவிடும் என்பதால் மாற்றுப் புடவை ஒன்றையும் உடன் எடுத்துச் சென்றார் என்பர். திருவனந்தபுரத்தை அடுத்த வெங்கானூரில் மகாத்மா அய்யன்காளி 1893ஆம் ஆண்டில் வில்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் சென்றார்; புலையர் கால் வைக்கக் கூடாது என்று விலக்கப்பட்டிருந்த சாலை அது. சாலையை வென்றவர் அடுத்துப் பள்ளியின் கதவைத் தட்டினார். 1910களில் ஊரூட்டம்பலம் என்னும் ஊரில் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று வகுப்பில் அமர்த்தினார். அவள் அமர்ந்த பள்ளிக்கு எதிரிகள் தீ வைத்தனர். சாலை முதலில், பள்ளி பிறகு என்ற இந்த வரிசை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சாலை இல்லாதவனுக்குப் பள்ளியின் கதவு திறந்திருந்தும் என்ன பயன்?

நம் சென்னை மாகாணத்திலும் இதுவே நிலை. பல ஊர்களில் பள்ளிக்கூடம் அக்கிரகாரத்திலோ, கோவிலை ஒட்டியோ, ஊர்ச் சாவடியிலோ அமைந்திருந்தது. சட்டப்படி எல்லாரும் சேரலாம். ஆனால் சேர்வதற்கு அந்தத் தெருவுக்குள் கால் வைக்க வேண்டுமே! பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் தாழ்த்தப்பட்டோர் சென்றடைய இயலாத இடங்களில் இருத்தலாகாது என்று அரசு 1919ஆம் ஆண்டில் ஆணையிட நேர்ந்தது இதனாலேதான். தொழிலாளர் நலத் துறையின் பொறுப்பில் நம் குடியிருப்புகளுக்கு உள்ளேயே பள்ளிகள் தோன்றியதும் அந்நாட்களிலேதான். அவையே இன்று ஆதி திராவிடர் நலப் பள்ளிகளாக விளங்குகின்றன. சேரிக்குள் பள்ளி வந்தது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. எனினும், ஊர்த் தெருவைத் திறந்துவிடுவதை விடச் சேரிக்குள் ஒரு கூரை போடுவது சிலருக்கு எளிதாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்த சீனிவாசனார் 1924ஆம் ஆண்டில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். அதனை ஏற்று அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாள் அரசாணை பிறந்தது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச் சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் நடந்து செல்லத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம் முதலிய இடங்களுக்குச் செல்லவும் தடையில்லை என்பது அதன் கருத்து. கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் அதே 1924ஆம் ஆண்டில், மார்ச் 30ஆம் நாள். பேருந்துகள் ஓடத் தொடங்கியபொழுது சாலையின் பழைய நோய் பேருந்துக்குள்ளும் ஏறிக்கொண்டது. நம் மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் ஆணையிட்டது 1920களின் இறுதியில். பின்னர் ராவ் பகதூர் எம்.சி. ராஜா கொண்டுவந்த மசோதா 1938ஆம் ஆண்டில் சமூக இடையூறுகளை நீக்கும் சட்டமாயிற்று. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்கும் பின்னர் வந்தது.

ஆணை கோட்டையில் பிறந்தது. எங்கள் ஊர்த் தெருவுக்கு அது நடந்து வர நெடுங்காலம் ஆயிற்று. 1970களின் இறுதியில் நான் தொடக்கப் பள்ளியில் படித்தபொழுது என் தந்தையாரிடம் பழைய மிதிவண்டி ஒன்று இருந்தது. என்னை முன் கம்பியில் அமர வைத்துக் காலனியிலிருந்து ஓட்டி வருவார். ஊர்த் தெருவின் முனை வந்ததும் இறங்கிவிடுவார், என்னையும் இறக்கிவிடுவார், காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அந்தத் தெருவைக் கடக்கும் வரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்போம். தெரு முடிந்ததும் மீண்டும் ஏறுவோம். வண்டியில் ஏதோ பழுது என்றே நான் வெகு நாட்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். 1924ஆம் ஆண்டின் ஆணைக்கு அப்பொழுது ஐம்பது வயது கடந்திருந்தது.

இது பழங்கதை என்று இளைஞர் எவரேனும் நினைத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திற்கு 2015ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தத்தைப் படித்துப் பார்க்கட்டும். பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும் காலணி அணிவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். நடவாத குற்றத்திற்கு நாடாளுமன்றம் சட்டம் எழுதுவதில்லை.

கடல் கடந்த அமெரிக்க நாட்டிலும் இதனையொத்த வழி ஒன்று வரலாற்றில் இடம் பெற்றது. கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரில் லிண்டா பிரவுன் என்னும் கறுப்பினச் சிறுமி வாழ்ந்தாள். ஏழு தெரு தொலைவில் வெள்ளையர் பள்ளி இருந்தது. அதில் அவளுக்கு இடமில்லை. ஆகவே இரயில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் தண்டவாளப் பகுதியைக் கடந்து சென்று, பேருந்துக்குக் காத்து நின்று, தொலைவிலிருந்த கறுப்பினப் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. அவள் தந்தை முதலானோர் தொடுத்த வழக்கில்தான் நிறப் பாகுபாட்டுப் பள்ளிகள் அரசியல் சட்டத்திற்கு முரணானவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பிரவுன் வழக்கு என்று சட்ட நூல்கள் புகழும் அவ்வழக்கின் வேரில், தண்டவாளத்தின் நடுவே நடந்து போன ஒரு சிறு பெண் இருக்கிறாள். பாகுபாடும் விபத்தும் இருவேறு பொருள்கள் அல்ல என்று நான் கருதுவதற்கு அவளும் ஒரு காரணம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சேரி எப்பொழுதும் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டது. ஊருக்கு வெளியே என்றால் காட்டை ஒட்டி, ஓடையை ஒட்டி, வண்டிப் பாதையை ஒட்டி. பின்னர் அந்த வண்டிப் பாதை தார்ச் சாலையாயிற்று. சில இடங்களில் நெடுஞ்சாலையாயிற்று. இரயில் பாதை வந்தபொழுதும் பல ஊர்களில் காலனி ஒரு புறம், பள்ளி மறு புறம் என்று ஆயிற்று. சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப் பாதை மாரண்டஹள்ளி வழியாகச் செல்வதை நாம் அறிவோம். ஊர் நடுவில் வாழ்பவர் பிள்ளை இரண்டு தெருவைக் கடந்து பள்ளிக்குச் செல்லும். காலனிப் பிள்ளை சாலையையோ தண்டவாளத்தையோ கடந்து செல்லும். இதனை எந்த அதிகாரியும் இன்று திட்டமிட்டுச் செய்ததாக நான் கூறவில்லை. என்றோ ஒரு காலத்தில் நம்மை ஒதுக்கி வைத்த கோடு, இன்று வாகனங்கள் விரையும் கோடாக மாறியிருக்கிறது. தீட்டு என்று தள்ளி வைத்ததன் விலையை இப்பொழுது குழந்தைகளின் எலும்புகள் கொடுக்கின்றன.

நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. காலனிக்கு எதிரே பேருந்து நிறுத்தம் கிடையாது. அரை மைல் தள்ளி ஊருக்கு எதிரே நிறுத்தம் இருந்தது. மாலையில் அங்கே இறங்கிச் சாலையோரமாகத் திரும்பி நடக்கையில் சரக்கு வண்டி ஒன்று மோதிக் காலை முறித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆறு மாதம் கழித்து அவள் வீட்டுக்குச் சென்று பள்ளிக்கு அனுப்புமாறு கேட்டேன். "அவ்வளவு தூரம் இனி எப்படி ஐயா அனுப்புவது?" என்றார் அவள் தாயார். என்னிடம் விடையில்லை. நிறுத்தம் கேட்டுப் பெற்றோர் கொடுத்த மனுவுக்கு ஓர் அலுவலகத்தில் கிடைத்த பதில், அங்கே இறங்குவோர் எண்ணிக்கை போதாது என்பது.

பள்ளிப் பிள்ளைகளின் பயணப் பாதுகாப்புக்குச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1997ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தில்லி வசீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து ஒன்று யமுனை ஆற்றில் வீழ்ந்து 28 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னரே உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் வேதாரணியம் அருகே பள்ளி வேன் குளத்தில் கவிழ்ந்து குழந்தைகளும், அவர்களைக் காக்க முனைந்த இளம் ஆசிரியை ஒருவரும் உயிரிழந்தனர். 2012ஆம் ஆண்டு ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். தமிழகமே கலங்கிற்று. சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. பள்ளிப் பேருந்துகளுக்கான தனி விதிகளை மாநில அரசு அவ்வாண்டே வகுத்தது. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன்னர் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பது அதன் பயனே. இவை யாவும் வேண்டியவைதாம். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மஞ்சள் நிறப் பேருந்தில் செல்கின்றனர்? அவர்கள் நடந்து செல்கின்றனர். அரசுப் பேருந்தின் படிக்கட்டில் தொங்குகின்றனர். சந்தைக்குச் செல்லும் சரக்கு வண்டியில் கூடைகளோடு ஏறிக்கொள்கின்றனர். பேருந்துக்குள் அமர்ந்த குழந்தையின் மேல் விழுந்த சட்டத்தின் பார்வை, அந்தப் பேருந்துக்கு வழிவிட்டு ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் குழந்தையின்மேல் விழ வெகு காலம் ஆயிற்று.

11ஆம் வகுப்பில் பயிலும் ஆதி திராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் 2001-02ஆம் ஆண்டில் தொடங்கி, பின்னர் ஏனைய மாணவ மாணவியருக்கும் விரிந்தது. என் தந்தையார் தள்ளிக்கொண்டு நடந்த தெருவில் நம் பெண் பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டு ஓட்டிச் செல்வதைக் காண எனக்குக் கிட்டியது பெரும் பேறு. வண்டியைக் கொடுத்தவர்கள் அதனை ஓட்டுவதற்குச் சாலையோரத்தில் இரண்டு முழம் இடமும் கொடுத்திருக்கலாம்.

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் 2010ஆம் ஆண்டில் மைய அரசு வகுத்த விதிகளில் ஆறாவது விதியை நம் சங்க உறுப்பினர் அனைவரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பேன். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழி குழந்தைக்கு ஆபத்தானதாயின் அத்தொலைவைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும் என்று அது கூறுகிறது. சமூகக் காரணங்களால் குழந்தை பள்ளியை அடைவது தடைபடாமல் பார்த்துக்கொள்ளவும் அதே விதி சொல்கிறது. சாலையின் ஆபத்தும் சாதியின் தடையும் ஒரே விதிக்குள் அருகருகே வைத்து எழுதப்பட்டிருப்பதைக் கண்டபொழுது, எழுதியவர் யாராயினும் அவர் கிராமத்தை அறிந்தவர் என்று எண்ணிக்கொண்டேன்.

கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன், விபத்தில் சிதைந்து வருவோரை நாளெல்லாம் கண்டு மனம் பொறாமல் 2012ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2025ஆம் ஆண்டில், நடந்து செல்வோருக்குத் தக்க நடைபாதை கிடைப்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறிற்று. தாத்தா சீனிவாசனாரின் ஆணை பிறந்து அப்பொழுது நூறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அன்று அவர் சாலையில் நடக்க விடுங்கள் என்று கேட்டார். அதே சாலையில் நடப்பதற்கு இடம் கொடுங்கள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பதற்கு முன் நம் வீட்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நேர்மை. பதினைந்து வயதுப் பையனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் மூவரை ஏற்றிச் செல்வதைத் திண்ணையிலிருந்து பெருமையோடு பார்க்கும் தந்தையர் நம்மிடையே உண்டு. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி அந்தத் தந்தைக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரையில் சிறையும் உண்டு. வண்டியில் விரைவது விடுதலையின் அடையாளம் என்று நம் இளைஞர் சிலர் நினைப்பதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. தள்ளிக்கொண்டு நடந்தவர்களின் பேரப் பிள்ளைகள் அல்லவா! ஆயினும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும் என்னும் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். ஓட்டுபவர் குழந்தையைக் கண்டு, காலைத் தடைமிதியில் வைப்பதற்குள் அந்த ஒரு நொடி கழிந்துவிடுகிறது. வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைச் சிறு குழந்தையால் கணிக்கவும் இயலாது. பள்ளிகள் உள்ள இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வற்புறுத்துவது இதனாலேதான்.

சென்ற ஆண்டு ஜூன் மாதம் முதல் நம் சங்கத்து இளைஞர் நால்வர், முறை வைத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் காலனிப் பிரிவில் சிவப்புக் கொடியோடு நிற்கின்றனர். சிறு பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்துச் சாலையைக் கடக்கச் செய்கின்றனர். நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்புறமாகவே நடக்க வேண்டும் என்று பழக்கியிருக்கின்றனர். தொடக்கத்தில் நால்வரையும் கேலி செய்தவர்கள் உண்டு. இப்பொழுது ஊர்ப் பகுதியைச் சேர்ந்த தாய்மார் சிலரும் தம் பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்திற்கு அழைத்து வந்து, கூட்டத்தோடு கடக்க விட்டுச் செல்கின்றனர். வேகத்தடையும், காலனிக்கு எதிரே பேருந்து நிறுத்தமும், பிரிவில் ஒரு விளக்கும் வேண்டும் என்று கையொப்பமிட்டுக் கொடுத்த மனுவில் அந்தத் தாய்மாரின் கையொப்பங்களும் இருக்கின்றன. விளக்கு வந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை. மனுவின் படி சங்க அலுவலகத்தில் இருக்கிறது.